தடை வரட்டும் என்கிறார் கணவர். மகனை நான் எப்படிக் காப்பது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்களுக்கு ஒரே மகன். வயது 16. ஓராண்டாக ஆளே மாறிவிட்டான். ஒரு கண்ணை மறைக்கும் அளவுக்கு முன்முடி வளர்த்திருக்கிறான். தலை முதல் கால் வரை கறுப்பு உடை, நகத்தில் கறுப்புச் சாயம், கண்ணில் மை, இரண்டு மணிக்கட்டிலும் அகலமான கறுப்புப் பட்டை. வீட்டில்கூட அந்தப் பட்டைகளைக் கழற்றுவதில்லை. அவனைப் போலவே உடுத்தும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சோகமான ராக் பாடல்கள் கேட்கிறான். தங்களை ‘எமோ’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். போன ஆண்டு வகுப்பில் சில பையன்கள் அவனைக் கேலி செய்து வந்தார்கள். மதியச் சாப்பாட்டைக்கூடத் தனியாகத்தான் சாப்பிட்டான். இந்தக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு அந்தக் குறை இல்லை. படிப்பு சுமார்.

இத்தகைய குழுக்கள் இளைஞர்களைச் சீரழிக்கின்றன என்று சொல்லி, பள்ளிகளிலும் பொது இடங்களிலும் அவர்களுடைய உடைக்கும் கூட்டங்களுக்கும் அரசு தடை விதிக்கப்போவதாகச் செய்தி வருகிறது. என் கணவருக்கு அதில் நிம்மதி. “நம்மால் முடியாததை அரசு செய்யட்டும்” என்கிறார். அதற்கு முன்பே, அவன் தூங்கும்போது முடியை வெட்டி, உடைகளை எரித்துவிடலாம் என்றும் சொல்கிறார். இப்படிப்பட்ட பிள்ளைகள் தற்கொலை செய்துகொள்வார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தடை நல்லதா, கெட்டதா? நான் என்ன செய்யவேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூங்கும் பிள்ளையின் முடியை யாரும் வெட்டக் கூடாது. உடைகளை எரிக்கக் கூடாது. உங்கள் கணவரிடம் இன்றே இதைச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பதினாறு வயதில் ஒருவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வீடு பெற்றோருடையது. படிப்பு பள்ளி வகுத்தது. பணம் கேட்டு வாங்குவது. அவனே தீர்மானிக்கக்கூடியவை தலைமுடி, சட்டை, காதில் கேட்கும் பாட்டு, உடன் திரியும் நண்பர்கள் என்று நான்கைந்துதான். அவற்றைத் தூக்கத்தில் பறித்தால், விழித்ததும் அவன் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: இந்த வீட்டில் கண்ணை மூடக் கூடாது. அன்றிலிருந்து அறைக்கதவு தாழிடப்படும். அதன்பின் உள்ளே என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவன் உயிரைப் பற்றி அஞ்சுகிற உங்களுக்கு அதைவிட ஆபத்தான நிலை வேறில்லை.

அடுத்து, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தச் செய்தி. அதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 3,694 பிள்ளைகளை 15 வயதிலிருந்து 18 வயது வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியானது. எமோவுக்கு மூத்த உறவான, கறுப்பு உடையும் சோகமான ராக் இசையும் விரும்பும் ‘கோத்’ குழுவோடு தங்களை மிக நெருக்கமாக அடையாளப்படுத்திக்கொண்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு 18 வயதில் மனச்சோர்வு இருந்தது. அந்தக் குழுவோடு ஒட்டாத பிள்ளைகளில் அது 6 சதவீதம். தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டவர்கள் முன்னவர்களில் 37 சதவீதம், பின்னவர்களில் 10 சதவீதம். சிறிய வித்தியாசம் அல்ல. தடையை ஆதரிப்பவர்கள் எடுத்துக் காட்டுவது இத்தகைய எண்களைத்தான்.

எது முதலில் வந்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வு அதைக் கேட்டது. கோத் பிள்ளைகளின் எண்ணிக்கை அதில் குறைவு என்பதால் அடக்கத்தோடுதான் அதைச் சொல்லவேண்டும்: குழுவில் சேர்ந்த பிறகு தம்மைக் காயப்படுத்திக்கொள்ளத் தொடங்கியவர்களைவிட, சேர்வதற்கு முன்பே தொடங்கியிருந்தவர்கள்தாம் அதிகம். அதாவது துயரத்தோடு இருந்த பிள்ளை, அந்தத் துயரத்தை வெளிப்படையாகப் பேசும் கூட்டத்தைத் தேடிப் போகிறது. பிரிஸ்டல் ஆய்வாளர்களும் தங்கள் எண்களைக் கொண்டு கோத் பண்பாடுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல முடியாது என்றே எழுதினார்கள். குழுவுக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதும் உண்டா? உண்டு. என்னிடம் வரும் பிள்ளைகளிடம் அதையும் பார்க்கிறேன். ஆனால் அது முதல் காரணமாக இருப்பது அரிது.

உங்கள் கடிதத்தையே திரும்பப் படித்துப் பாருங்கள். உடையைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். கேலியைப் பற்றியும் தனியாகச் சாப்பிட்டதைப் பற்றியும் இரண்டே வரிகள். அடுத்த வரியில் அந்தக் குறை தீர்ந்தது என்று கடந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தின் மையமே அந்த இரண்டு வரிகள்தான். ஓராண்டு முழுக்க ஒரு பையன் யாரும் பக்கத்தில் உட்காராமல் சாப்பிட்டிருக்கிறான். அப்போது அவன் உடுத்தியது எல்லாரையும் போன்ற சாதாரண உடை. யாரும் கவலைப்படவில்லை, எந்த அரசும் சட்டம் பேசவில்லை. இன்று அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்த ஏழெட்டுப் பேரைத்தான் தடை கலைக்கப்போகிறது.

உங்கள் கணவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் பயந்திருக்கிறார், தன் பயத்தை ஒப்படைக்க ஓர் இடம் கிடைத்ததில் நிம்மதி கொள்கிறார். அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியவேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இதே எமோ பிள்ளைகளைப் பற்றி, இதே காரணத்தைச் சொல்லி, 2008இல் ரஷ்யாவில் ஒரு சட்ட முயற்சி நடந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்ட வரைவு, எமோவை மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் பரப்பும் ஆபத்தான போக்கு என்றது. பள்ளிகளிலும் அரசு கட்டடங்களிலும் அந்த உடைக்குத் தடை வேண்டும், இணையதளங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது. யார் எமோ என்று அடையாளம் காட்டவேண்டுமே? பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது, கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த உடை, பாதி முகத்தை மறைக்கும் முன்முடி, கறுப்பு நகம், குமிழ் பதித்த இடுப்பு வார். ஓர் அரசு ஆவணத்தில் இவ்வளவையும் எழுதி வைத்தார்கள். மனச்சோர்வுள்ள பிள்ளைக்கு மருத்துவர் எங்கே கிடைப்பார் என்ற கேள்வியை விட்டுவிட்டு முன்முடியின் நீளத்தை அளந்தார்கள். சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரில் பிள்ளைகளே தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தத் தடை சட்டமாகவில்லை.

ஈராக்கில் சட்டம்கூட வேண்டியிருக்கவில்லை. 2012 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் எமோ இளைஞர்களைச் சாத்தானை வழிபடுகிறவர்கள் என்று குறிப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. இறுக்கமான உடை, மண்டையோட்டுப் படம், மூக்கிலும் நாக்கிலும் வளையம் என்று அதிலும் அடையாளங்கள் இருந்தன. இந்தப் போக்கை ஒழிப்பதற்காகப் பள்ளிகளுக்குள் நுழையக் கல்வித் துறையின் ஒப்புதல் பெற்றிருப்பதாகவும் காவல் துறை சொன்னது. அடுத்த சில வாரங்களில் பாக்தாதின் சில பகுதிகளில் பெயர்ப் பட்டியலோடு மிரட்டல் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், சிலரைத் தலையில் சிமென்ட் கட்டையால் அடித்தே கொன்றார்கள். எண்ணிக்கையைப் பற்றி ஒருமித்த கணக்கு இல்லை. பத்துக்கு மேல் என்று செய்தி நிறுவனங்கள் எழுதின. மனித உரிமை அமைப்புகள் கண்டித்தன. மூத்த மதத் தலைவர் ஒருவரின் பிரதிநிதியே அந்தக் கொலைகளைப் பயங்கரவாதம் என்றார். அமைச்சகமோ, எமோ என்பதற்காக யாரும் கொல்லப்படவில்லை என்று மறுத்தது.

சகோதரி, இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்கள் நாட்டில் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் இன்ன மாதிரி முடி வைத்திருப்பவன் சமூகத்துக்குக் கேடு என்று அரசு தன் வாயால் சொல்லிவிட்டால், அதைக் கேட்பது காவலர் மட்டும் அல்ல. வகுப்பில் உங்கள் மகனைக் கேலி செய்த அந்தப் பையன்களும் கேட்பார்கள். நேற்றுவரை அவர்கள் செய்தது தவறு. தடை வந்த மறுநாள் அது நாட்டுக்குச் செய்யும் சேவை. இந்த ஒன்றை மட்டுமாவது உங்கள் கணவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

முடியைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தோனேசியாவின் அச்சே மாகாணத் தலைநகர் பண்டா அச்சேயில் 2011 டிசம்பரில் பங்க் என்ற முரட்டு ராக் இசை கேட்கும் இளைஞர்கள் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நிதி திரட்டத்தான். காவலர் புகுந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சென்றார்கள். பையன்களின் தலையை மழித்தார்கள். பெண்களின் கூந்தலைக் குட்டையாக வெட்டினார்கள். மூக்கு, காது வளையங்களைக் கழற்றினார்கள். ஏரியில் இறக்கிக் குளிக்கவைத்தார்கள். பத்து நாள் காவலர் பயிற்சிப் பள்ளியில் அடைத்து ‘ஒழுக்கம்’ கற்பித்தார்கள். அவர்கள்மேல் எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் எதுவுமே செய்யவில்லை. ஆனாலும் தலை மழிக்கப்பட்டது. உங்கள் கணவர் கத்தரிக்கோலோடு செய்ய நினைப்பதும் இதுவேதான். அளவு மட்டுமே சிறியது.

தடை போடும் அரசுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. ஹிட்லரின் ஜெர்மனியில் ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசை கேட்டு, நீள முடி வைத்து, கையில் குடையோடு ஆங்கிலேயப் பாணியில் திரிந்த ஹாம்பர்க் இளைஞர்கள் 1941இல் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். அவர்களின் தலைவர்களை இரண்டு மூன்று ஆண்டு வதை முகாமில் அடைக்கவேண்டும் என்று 1942 ஜனவரியில் ஹிட்லரின் காவல் துறைத் தலைவர் ஹிம்லரே கடிதம் எழுதினார். சிங்கப்பூர் 1970களில் நீள முடி வைத்த ஆண்களுக்கு அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று சுவரொட்டி ஒட்டியது. புருவத்தைத் தொடும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கும் முடி என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஒன்று உயிரை எடுத்தது, மற்றது வரிசையில் காக்கவைத்தது. ஆனாலும் இரண்டு அரசுகளுக்கும் ஒரே சிக்கல் வந்தது. மனநிலையைச் சட்டத்தால் தடுக்க முடியாது. எனவே கண்ணுக்குத் தெரிவதைப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

மக்களாட்சி ஆழமாக வேரூன்றிய நாடுகளும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. பிரிட்டன் 1994இல் இளைஞர்கள் இரவெல்லாம் இசைக்கு ஆடும் திறந்தவெளி ‘ரேவ்’ கூட்டங்களை அடக்கச் சட்டம் செய்தபோது, எத்தகைய இசை என்பதை வரையறுக்க, திரும்பத் திரும்ப வரும் தாளங்களின் தொடர்ச்சி என்று சட்டப் பிரிவிலேயே எழுதியது. தாளம் என்றாலே திரும்ப வருவதுதானே! அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ப்ளூ ஸ்பிரிங்ஸ் என்ற ஊர், கோத் பண்பாட்டால் இளைஞர்களுக்கு வரும் கேட்டைத் தடுக்க 2002இல் மத்திய அரசிடமிருந்து 2,73,000 டாலர் பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து அதில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தடுக்கவேண்டிய கேடு இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. நேர்மையாகத் திருப்பிக் கொடுத்ததை நான் மதிக்கிறேன். அந்தப் பணத்துக்குப் பள்ளிகளில் மனநல ஆலோசகர்களை நியமித்திருந்தால் கோத் பிள்ளைக்கும் பயன், கோத் அல்லாத பிள்ளைக்கும் பயன்.

அப்படியானால் அரசுக்கு இதில் வேலையே இல்லையா என்று உங்கள் கணவர் கேட்பார். இருக்கிறது. பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறவன், போதைப்பொருள் விற்கிறவன், அடிதடிக்கு ஆள் சேர்க்கிறவன் யாராக இருந்தாலும், கறுப்புச் சட்டை போட்டாலும் வெள்ளைச் சட்டை போட்டாலும், பிடித்துத் தண்டிக்கவேண்டும். அதற்கான சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. செய்த செயலுக்குத் தண்டனை. உடுத்தியதற்கு அல்ல. நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளும் இதைத்தான் சொல்கின்றன. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கருத்தை வெளிப்படுத்தும் உரிமை உண்டு என்று 13ஆம் பிரிவிலும், அமைதியாகக் கூடும் உரிமை உண்டு என்று 15ஆம் பிரிவிலும் கூறுகிறது. கட்டுப்பாடு விதிக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. விதிப்பதானால் சட்டத்தின் வழியாக விதிக்கவேண்டும். பிறர் உரிமை, பொதுப் பாதுகாப்பு, உடல்நலம் போன்ற ஒரு காரணத்துக்கு அது உண்மையிலேயே தேவைப்படவேண்டும். முன்முடியை வெட்டினால் தற்கொலை குறையும் என்று யாராலும் காட்ட முடியாதபோது, தேவை என்ற அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2007இல் கோத் உடை அணிந்த ஓர் இளம்பெண் பூங்காவில் ஒரு கும்பலால் தாக்கப்பட்டு இறந்தாள். அவள் தோற்றம்தான் காரணம். ஆறு ஆண்டு கழித்து, 2013இல், மான்செஸ்டர் பெருநகரக் காவல் துறை, கோத், எமோ, பங்க் போன்ற குழுவினர் என்பதற்காக நடக்கும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றங்களாகப் பதிவு செய்ய முன்வந்தது. நாட்டிலேயே முதலில் அப்படிச் செய்தது அந்தத் துறைதான். காவலரைப் பார்த்ததும் ஓடவேண்டியவனாக இல்லாமல், அடிபட்டால் காவலரிடம் ஓடலாம் என்று நம்புகிறவனாக உங்கள் மகன் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

கண் மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கணவரின் கோபத்தில் பாதி அந்த மையின் மேல்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆண்பிள்ளை மை தீட்டுவதா என்ற கூச்சம் அரசுகளுக்கும் உண்டு. சீனாவின் ஒலிபரப்புத் துறை 2021 செப்டம்பரில், பெண்மைச் சாயல் கொண்ட ஆண்களைத் திரையில் காட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. மை தீட்டுவதால் ஒருவனுடைய மனநலமோ குணமோ கெட்டதாக நான் கண்டதில்லை. மை தீட்டியதற்காகத் தந்தையின் அன்பை இழந்தவர்கள் நொறுங்கிப்போவதைத்தான் பார்க்கிறேன்.

இனி வீட்டில் செய்யவேண்டியது. நான் உங்களிடமிருந்து எதிர்பார்ப்பது இதைத்தான்.

அந்த மணிக்கட்டுப் பட்டைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வெறும் அலங்காரம். ஆனால் வீட்டில்கூடக் கழற்றுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சில நேரம் அதன் அடியில் பிளேடால் கீறிய தழும்புகள் இருக்கும். பாய்ந்து கையைப் பிடித்துக் கழற்றிப் பார்க்காதீர்கள். கணவர் இல்லாத நேரம், நீங்களும் அவனும் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிப்பதைவிட, இருவருக்கும் கையில் வேலை இருக்கும்போது பேசுவது எளிது. “உன்னை நீயே காயப்படுத்திக்கொள்கிறாயா? இருந்தால் சொல், நான் திட்டமாட்டேன்” என்று நேராகவே கேட்கலாம். “செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா?” என்றும் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் குறைகிறது, அவ்வளவுதான்.

அவன் ஆமாம் என்றால் அழாமல் இருக்க முயலுங்கள். முடியாவிட்டால் அழுங்கள், கத்தாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். காயம் புதிதாக இருந்தால் கழுவி மருந்து போடுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு ஆகியவற்றைப் பூட்டிவையுங்கள். எப்படிச் சாவது என்று திட்டம் வைத்திருப்பதாகச் சொன்னால் அவனைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இல்லை என்றால், நம்புங்கள். ஆனால் அதோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். போன ஆண்டு தனியாகச் சாப்பிட்டதைப் பற்றிக் கேளுங்கள். அப்போது கேட்காததற்கு வருத்தம் தெரிவியுங்கள். கேலி இன்னும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். நடந்தால் பள்ளியில் எழுத்தில் புகார் கொடுங்கள். அவன் கேட்கும் பாட்டில் ஒன்றை உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்கவேண்டியதில்லை. எந்த வரி அவனுக்குப் பிடிக்கிறது என்று கேட்டால் போதும். அவன் நேரில் சொல்லாத பலவற்றை அந்த வரி சொல்லிவிடும். நண்பர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஏழெட்டுக் கறுப்புச் சட்டைகள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர்களில் யார் சிரிக்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், யார் மற்றவர்களை ஆட்டிவைக்கிறார்கள் என்பது அரை மணி நேரத்தில் உங்களுக்குப் புரிந்துவிடும். கூட்டத்தில் வயதுவந்த ஒருவர் இருந்து பிள்ளைகளிடம் பணமோ ரகசியமோ கேட்டால் மட்டும் உடனே தலையிடுங்கள்.

பள்ளிச் சீருடை வேறு விஷயம். ஒரு பள்ளி தன் வளாகத்துக்குள் சீருடை வேண்டும் என்று கேட்பதை நாட்டுத் தடையோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். பள்ளி நேரத்தில் முடியைப் பின்னால் வாரிக்கொள்வது, நகச்சாயம் இல்லாமல் போவது என்று பேசி முடிவெடுக்கலாம். பேசும்போது அவனும் அந்த அறையில் இருக்கவேண்டும். தன்னைப் பற்றிய முடிவில் தன் சொல்லும் கேட்கப்பட்டது என்றால் பெரும்பாலான பிள்ளைகள் பாதி வழி இறங்கி வருகிறார்கள்.

தடை உண்மையிலேயே வந்துவிட்டால்? முதலில், வந்தது சட்டமா, சுற்றறிக்கையா, அமைச்சர் ஒருவரின் மேடைப் பேச்சா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல நேரங்களில் மூன்றாவதுதான் முதலாவதைப் போல நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பிறகு மகனோடு உட்கார்ந்து, எங்கே எப்படிப் போவது பாதுகாப்பு என்று பேசுங்கள். தெருவில் ஒரு தொப்பி போட்டுக்கொள்வது கோழைத்தனம் அல்ல என்று அவனுக்குச் சொல்லுங்கள். அதே மூச்சில், வீட்டுக்குள் அவன் அவனாகவே இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் முதலாவதை அவன் கேட்கமாட்டான். காவலர் பிடித்தால் ஓடக் கூடாது, எதிர்த்துக் கை நீட்டக் கூடாது, படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, பெற்றோரை அழைக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். காவலில் உள்ள சிறாருக்குக் குடும்பத்தோடு தொடர்புகொள்ளவும் சட்ட உதவி பெறவும் உரிமை உண்டு என்று நான் சொன்ன அதே உடன்படிக்கையின் 37ஆம் பிரிவு கூறுகிறது. உங்கள் இருவரின் எண்ணையும் அவன் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். போனைப் பறித்துக்கொண்டாலும் நினைவில் இருக்கும்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். “நம்மால் முடியாததை” என்று அவர் சொன்னது என்னை வருத்தியது. இன்னும் முயலவே இல்லாத ஒன்றை முடியாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மகனோடு அவர் கடைசியாக எப்போது உடையைப் பற்றி அல்லாமல் வேறொன்றைப் பற்றிப் பேசினார் என்று கேளுங்கள். விளையாட்டோ பழுதுபார்ப்போ, இருவருக்கும் பொதுவான ஏதோ ஒன்று முன்பு இருந்திருக்கும். அதில் அவரே தொடங்கவேண்டும். மகன் முதல் அழைப்புக்கு வரமாட்டான். இரண்டாவதுக்கும் வராமல் போகலாம். அழைப்பதை நிறுத்தக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தமான பாட்டிலும் நண்பர்களிலும்கூட நாட்டம் போய்விட்டதென்றால் அது மனச்சோர்வின் அறிகுறி. கறுப்பு உடை அதற்கு அறிகுறி அல்ல. அப்போது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பதின்ம வயதினரோடு பழகிய மருத்துவராக இருந்தால் நல்லது. போகிற அன்று உடையை மாற்றிக்கொள், முகத்தைக் கழுவு என்று சொல்லாதீர்கள். அவன் எப்படி இருக்கிறானோ அப்படியே வரட்டும். தூக்கம், பசி, கேலி, நண்பர்கள் பற்றியெல்லாம் கேட்காமல் அந்த மருத்துவர் முதல் சந்திப்பு முழுக்க முடியைப் பற்றியே உபதேசம் செய்தால், எழுந்து நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.